முப்பது நாள் தாவர உணவும் என் தவறுகளின் கணக்கும்

ஒரு மாதம் முழுவதும் தாவர உணவை மட்டுமே உண்பது என்று முடிவெடுத்தபோது, அதை ஒரு மனஉறுதிச் சோதனையாக மட்டுமே நான் நினைத்திருந்தேன். நாக்கை அடக்கினால் போதும், மற்றவை தாமாக நடக்கும் என்ற எண்ணம். முப்பதாவது நாள் முடிந்தபோது நாக்கு எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தேன், வழக்கமான மாத உணவுச் செலவில் பாதிக்குச் சமமான தொகையைத் தேவையில்லாத டப்பாக்களில் கொட்டியிருந்தேன், வீட்டில் இருவரை வாந்தி எடுக்க வைத்திருந்தேன், ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இருந்த என் தைராய்டு அளவையும் கெடுத்துக்கொண்டிருந்தேன். இவற்றில் எதுவுமே தாவர உணவின் குற்றமன்று. எல்லாம் என் அவசரத்தின் விளைவு. தொடங்குவதற்கு முன் யாராவது என்னை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசியிருந்தால் முக்கால்வாசியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு இரத்தப் பரிசோதனை. எனக்கு வயது 43. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவு 148 என்று வந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உணவில் கவனம் செலுத்திவிட்டுச் சில மாதங்கள் கழித்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். கொலஸ்ட்ரால் என்பது விலங்குகளிடமிருந்து வரும் உணவில்தான் கணிசமாக இருக்கிறது, தாவரங்களில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, குறைப்பதற்குப் பதிலாக ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. மருத்துவரிடம் மறுபடி கேட்கவில்லை. காய்கறி சாப்பிடுவதற்குக்கூடவா அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பின்னால் எனக்கு அதிக விலை வைத்தது.

தாவர உணவு என்று சொல்லும்போது நம் மொழியில் ஒரு குழப்பம் உண்டு. சைவம் என்ற சொல் பாலையும் தயிரையும் நெய்யையும் உள்ளடக்கியது. பால், முட்டை, தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தவிர்ப்பதை வீகன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 1944-ஆம் ஆண்டில் உருவான சொல் அது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். தாவர உணவுமுறை என்பது உடல்நலம் கருதிப் பெரும்பாலும் முழுமையான தானியங்கள், பயறுகள், காய், கனி, கொட்டை, விதை ஆகியவற்றை உண்பது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் முதல் வாரத்திலேயே, தவறான வழியில், கற்றுக்கொண்டேன். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் சர்க்கரை பூசிய பிஸ்கட்டும் குளிர்பானமும் நனிசைவம்தான். அவற்றை மட்டுமே தின்று ஒருவர் முப்பது நாளையும் விதி மீறாமல் ஓட்டிவிடலாம்.

தொடங்குவதற்கு முந்தைய இரவு குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்தேன். பால், தயிர், முட்டை, வெண்ணெய், மீன் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. ஒரு நோட்டுப் புத்தகத்தில் "தவிர்க்க வேண்டியவை" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் நிறைய எழுதினேன். "சேர்க்க வேண்டியவை" என்ற பக்கத்தை நான் எழுதவே இல்லை. அதன் தேவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாயே, என்னதான்டி சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. முன்பு சாப்பிட்ட தட்டில் இருந்து சிலவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

அந்தக் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். இதை நீங்கள் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். என் வழக்கமான நாளில் இரண்டு முட்டை இருந்தது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். காலையும் மாலையுமாக 400 மில்லிலிட்டர் பால், அதில் சுமார் 13 கிராம். ஒரு கிண்ணம் தயிரில் 7 கிராம். மதியம் 100 கிராம் மீனோ கோழியோ, அதில் 20 கிராமுக்கு மேல். ஆக ஒரே இரவில் 50 கிராம் புரதத்தையும், அவற்றோடு சேர்ந்து ஏறக்குறைய 700 கலோரியையும் நான் தட்டிலிருந்து அகற்றியிருக்கிறேன். உடல்நலமுள்ள ஒரு பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. 62 கிலோ எடையுள்ள எனக்கு அது சுமார் 50 கிராம். அகற்றியதும் அதே 50. தானியங்களிலிருந்து கொஞ்சம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் வைத்தவை வெள்ளரிக்காயும் தக்காளியும் பழத்துண்டுகளும். காய்கறிகளில் நீர் அதிகம். பெரும்பாலான காய்களில் 100 கிராமுக்கு 20 முதல் 50 கலோரிதான். வயிறு நிறையும், உடல் நிறையாது. காலை பதினொரு மணிக்குக் கை நடுங்கி, யாரிடம் பேசினாலும் எரிந்து விழுந்தேன். இதை "நச்சு வெளியேறுகிறது" என்று ஒரு தோழி விளக்கினார். நானும் நம்பினேன். அது வெறும் பசி.

பால் விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் நடந்தது. பாலுக்குப் பதிலாகப் பாதாம் பால் வாங்கினேன், அழகான பெட்டி, கணிசமான விலை. ஒரு குவளை பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராம் புரதம்தான் இருக்கும் என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் அன்றே அறிந்திருப்பேன். சோயா பாலில் ஏறக்குறைய 7 கிராம் உண்டு, பசும்பாலுக்கு அருகில் வருவது அதுதான். ஓட்ஸ் பால் இரண்டுக்கும் இடையில். சுவைக்காக எதை வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் பாலின் இடத்தை நிரப்புவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். கால்சியம் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். நான் முதல் பெட்டியின் கடைசியில் தங்கியிருந்த வெள்ளை வண்டலைக் கெட்டுப்போனதாக நினைத்துத் தொட்டியில் கொட்டினேன்.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு பயறுகள் பக்கம் திரும்பினேன். திரும்பியது சரி, திரும்பிய வேகம்தான் தவறு. அதுவரை வாரத்தில் இரண்டு முறை கொஞ்சமாகப் பருப்புச் சாப்பிட்டவள், ஆறாம் நாளிலிருந்து மூன்று வேளையும் கொண்டைக்கடலை, பட்டாணி, முட்டைக்கோஸ் என்று இறங்கினேன். அடுத்த நான்கு நாட்களைப் பற்றி நாகரிகமாக எழுதுவது கடினம். வயிறு மத்தளம்போல் உப்பிக்கொண்டது. அலுவலகக் கூட்டத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ஒரு நாள் வலி தாங்காமல் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகி, வாயுவாக மாறுகின்றன. நார்ச்சத்து திடீரென இரட்டிப்பானாலும் இதே கதைதான். இதற்காகப் பயறுகளைக் கைவிட வேண்டியதில்லை. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். முதலில் தோல் நீக்கி உடைத்த பருப்புகள், பிறகு முளைகட்டியவை, கடைசியாகத்தான் பெரிய முழுப்பயறுகள் என்று போக வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் போதும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்; நார்ச்சத்தைக் கூட்டிவிட்டு நீரைக் கூட்டாவிட்டால் நேர்மாறான தொல்லை, அதாவது மலச்சிக்கல், வரும். எனக்கு மூன்றாம் வாரம்தான் குடல் பழகியது. உண்மையில், மாதம் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே பயறுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டமே இருந்திருக்காது.

பதினோராம் நாள் நடந்ததை மட்டும் தயவுசெய்து யாரும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். வேலை நாட்களில் சமையல் நேரம் மிகுந்துவிட்டது என்று, குறைந்த வெப்பத்தில் நாள் முழுவதும் தானே வேகும் மின்சார ஸ்லோ குக்கர் ஒன்றை வாங்கியிருந்தேன். காலையில் சிவப்பு ராஜ்மாவைக் கழுவி, தக்காளி, வெங்காயத்தோடு அதில் போட்டுவிட்டு அலுவலகம் போனேன். ஊறவைக்கவில்லை, எட்டு மணி நேரம் வேகப் போகிறதே, எதற்கு என்று நினைத்தேன். இரவு பார்த்தபோது மணிகள் சற்றே கெட்டியாக இருந்தன, ஆனால் கடிக்க முடிந்தது. நானும் கணவரும் ஒரு கிண்ணம் சாப்பிட்டோம். மகளுக்கு அதன் மணமே பிடிக்காததால் அவள் தொடவில்லை, அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இரண்டு மணி நேரத்தில் எனக்குக் குமட்டல் தொடங்கியது. பத்து நிமிடத்தில் கணவர் குளியலறைக் கதவைத் தட்டினார். இரவு முழுவதும் வாந்தி, பின்னர் வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை மகள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே, "அம்மா, இதுதான் ஆரோக்கியமா?" என்று கேட்டாள். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

காரணம் கெட்டுப்போன உணவு என்றே மறுநாள் வரை நினைத்திருந்தோம். மருத்துவர்தான் என்ன சாப்பிட்டீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுச் சொன்னார். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதம் அதிக அளவில் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து மணிகளே வாந்தியை உண்டாக்கப் போதுமானவை. நன்றாகக் கொதிக்கும் நீரில் அந்தப் புரதம் அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கரின் உள்ளே வெப்பம் பல நேரங்களில் அந்த அளவை எட்டுவதில்லை. 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாகும் ராஜ்மாவில் நச்சுத்தன்மை பச்சை மணியைவிடக் கூடிவிடக்கூடும் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஆகவே ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவையுங்கள், இரவு முழுவதும் என்றால் இன்னும் நல்லது. அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில், நுரைத்துக் கொதிக்கும் நிலையில், குறைந்தது பத்து நிமிடம், பாதுகாப்புக்கு அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் மெதுவாக வேகும் பாத்திரத்துக்கு மாற்றலாம். பிரஷர் குக்கரில் நசுக்கினால் குழையும்வரை வேகவைப்பதும், டின்னில் வரும் வேகவைத்த ராஜ்மாவைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை. அந்தச் சமையல் பாத்திரத்தோடு வந்த சிறு புத்தகத்தில் இந்த எச்சரிக்கை ஒரு வரியில் இருந்தது. படிக்காதவள் நான்தான். அந்த நிகழ்வில் இரண்டு நாள் விடுப்பு போனது. அதைவிட, கணவர் அந்த மாதம் முழுவதும் நான் வைக்கும் எந்தப் பாத்திரத்தையும் ஐயத்தோடுதான் திறந்தார்.

உடல் தேறிய பிறகும் சோர்வு நீங்கவில்லை. சோர்வுக்கு என்ன காரணம் என்று தேடத் தொடங்கியவுடன் விற்பதற்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மூன்று வகை டப்பாக்கள் வாங்கினேன்: ஒரு புரதப் பொடி, பி12 வைட்டமின் நிறைந்தது என்று சொல்லப்பட்ட ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி மாத்திரைகள், ஓர் இரும்புச்சத்து மாத்திரை. முதலில் சொன்ன பாதி மாதச் செலவு பெரும்பாலும் இங்கேதான் போனது.

பி12 பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த வைட்டமினை உருவாக்குபவை பாக்டீரியாக்கள். தாவரங்கள் அதை உருவாக்குவதில்லை. விலங்கு உணவுகளில் அது சேர்ந்திருக்கிறது, தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி, பார்வைக்கு அதைப் போலவே இருந்து உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவுதான், ஆனால் அது வந்தே ஆக வேண்டும். பி12 சேர்த்த உணவுகளிலிருந்தோ சாதாரணமான மலிவான பி12 மாத்திரையிலிருந்தோ பெறலாம். கல்லீரலில் இருப்பு இருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்தில் குறைபாடு வராது. என் சோர்வுக்கும் அது காரணமன்று. ஆனால் நீரிழிவுக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இருப்பு முன்பே குறைந்திருக்கக்கூடும். ஒரு மாதம் என்று தொடங்கி ஓராண்டாக நீட்டிப்பவர்கள் இதை அலட்சியம் செய்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். தொடங்கும் முன் இருப்பைப் பரிசோதித்துக்கொள்வது நான் வாங்கிய ஒரு டப்பாவைவிடக் குறைந்த செலவில் முடிந்திருக்கும்.

இனி தைராய்டு. எட்டு ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் மாத்திரை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சாப்பிடுவேன். புதிய உணவில் விடியற்காலையிலேயே பசித்தது. அதனால் மாத்திரை போட்ட பத்து நிமிடத்தில் ஒரு பெரிய குவளை சோயா பால், கால்சியம் சேர்த்தது, அதோடு புதிதாக வாங்கிய இரும்பு மாத்திரை. மூன்றுமே அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுப்பவை என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறாம் நாள், சோர்வு பொறுக்க முடியாமல் மருத்துவரைப் பார்த்தபோது, தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் டிஎஸ்எச் அளவு 7.8 என்று வந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையில் 2.6. மருந்தளவைக் கூட்ட வேண்டுமோ என்று யோசித்தவர், காலை உணவைப் பற்றிக் கேட்டவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். சோயாவை நிறுத்த வேண்டியதில்லை, மருந்துக்கும் அதற்கும் போதிய இடைவெளி இருக்கட்டும், தினமும் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும் என்றார். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. இரும்பு மாத்திரையை நானாகத் தொடங்கியதற்காகத் திட்டும் வாங்கினேன். குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் இரும்பை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று அவர் சொன்ன மற்றொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனெனில் "உணவுதானே" என்று நினைப்பது என் பழக்கம் மட்டுமன்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பயறு, பழம், கொட்டைகளில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் உணவின் அளவைச் சட்டென்று மாற்றினால் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் திட்டமில்லாமல் இதில் இறங்கவே கூடாது. எந்த மாத்திரையையும் நாள்தோறும் எடுப்பவர் என்றால் முதல் வேலை மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

உப்பிலும் ஒரு பிழை செய்திருந்தேன். ஆரோக்கியம் என்று இறங்கியதால் அயோடின் சேர்த்த சாதாரண உப்பை விட்டுவிட்டு, அயோடின் சேர்க்காத இளஞ்சிவப்பு உப்புக்கு மாறியிருந்தேன். பாலும் மீனும் முட்டையும் அயோடின் தரும் உணவுகள். அவற்றையும் நிறுத்தி, உப்பையும் மாற்றினால் வழியெல்லாம் அடைபடுகிறது. இதற்குப் பரிகாரமாகக் கடற்பாசிப் பொடியை அள்ளிப் போடுவதும் தவறு. சில வகைகளில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கும், தைராய்டு நோய் உள்ளவர்களுக்கு அது கெடுதல். பழைய உப்புக்கே திரும்பினேன், அதுவும் அளவாக.

வெளியில் சாப்பிடுவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. முன்கூட்டிக் கேட்டுவிட்டால் பெரும்பாலான இடங்களில் ஏதாவது செய்து தருகிறார்கள். ஏமாற்றியவை பொட்டலங்கள்தான். "பால் அற்றது" என்று எழுதப்பட்ட காப்பிப் பொடிக் கலவையில் சோடியம் கேசினேட் இருந்தது. அது பாலின் புரதம். வே, லாக்டோஸ், ஜெலட்டின் ஆகிய பெயர்களும், இ120 என்ற சிவப்பு நிறமியும், இ904 என்ற மெழுகும் விலங்குகளிடமிருந்தோ பூச்சிகளிடமிருந்தோ வருபவை. ஒரு மாதச் சோதனைக்கு இத்தனை நுணுக்கம் தேவையா என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. அறத்துக்காக என்றால் தேவை. என்னைப் போலக் கொழுப்புக்காக என்றால், அந்தப் பொட்டலத்தையே வாங்காமல் இருப்பது எளிது.

கொழுப்பு என்றதும் என் மிகப் பெரிய அறியாமை நினைவுக்கு வருகிறது. பாலாடைக்கட்டிக்கு மாற்றாகத் தாவரப் பாலாடைக்கட்டி ஒன்றை இரண்டாம் வாரத்திலிருந்து தாராளமாகப் பயன்படுத்தினேன். அதன் முதன்மைப் பொருள் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். எல்டிஎல்லைக் கூட்டுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். நான் எதற்காக இந்த மாதத்தைத் தொடங்கினேனோ அதற்கு எதிரானதை ரொட்டியில் தடவித் தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரத்தின் நடுவில், ஓர் உணவியல் வல்லுநரிடம் கட்டணம் கட்டி ஒரு மணி நேரம் பேசினேன். அந்த மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த செலவு அது ஒன்றே. அவர் எந்தப் பொடியையும் எழுதித் தரவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டில் பயறோ சோயாவோ, சோயா பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபுவோ கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும் என்றார். வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 18 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்துத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். இரும்புக்காகக் கீரையை மட்டும் நம்ப வேண்டாம். பயறு, விதைகளோடு எலுமிச்சை, தக்காளி, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் தாவர இரும்பு நன்றாகச் சேரும், உணவோடு தேநீரும் காப்பியும் குடித்தால் சேராது. சாப்பிட்டவுடன் தேநீர் என்பது என் இருபதாண்டுப் பழக்கம், அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டது புலாலை விட்டதைவிடக் கடினமாக இருந்தது. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் காரணமாக அதில் இருபதில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. புரோக்கோலியும் கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபுவும் எவ்வளவோ மேல். ஆளி விதையைப் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியேறிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி கொட்டைகள், பசிக்கும் நேரத்தில்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மாதம் வேறாக மாறியது. புதுப்புதுச் சமையல் குறிப்புகளைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதுவரை ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாக அடுக்களையில் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வகைப் பயறுகளை மொத்தமாக வேகவைத்து, சிறு பாத்திரங்களில் பிரித்து உறைநிலையில் வைத்துவிட்டால் வாரம் ஓடிவிடுகிறது. எனக்குப் பிடித்த நான்கு உணவுகளையே மாற்றி மாற்றிச் செய்தேன். அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. முன்பும் நான் நான்கைந்து உணவுகளைத்தான் மாற்றி மாற்றித் தின்றிருக்கிறேன். பதினொரு மணி நடுக்கம் நான்கே நாளில் நின்றது. வீட்டாரிடம் பிரசங்கம் செய்வதையும் நிறுத்தினேன். அதுவரை மகள் முட்டை உண்ணும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை அவளே பின்னர் எண்ணிச் சொன்னாள்.

முப்பதாம் நாள் எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. எல்டிஎல் 133. மகிழ்ச்சியோடு அதைக் காட்டியபோது மருத்துவர் பாதி மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டார். பட்டினி கிடந்தும் வாந்தி எடுத்தும் குறைந்த எடைக்கு அதில் எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியாது. மறுபுறம், தைராய்டு குறைந்தால் எல்டிஎல் கூடும் என்பதால் உண்மையான அளவு இதைவிடக் குறைவாகவும் இருந்திருக்கலாம். ஒரே நேரத்தில் உணவு, எடை, மருந்து, உப்பு நான்கையும் மாற்றிவிட்டு எது எதைச் செய்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது என்றார். சோதனை என்று செய்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், தொடங்கும் நாளிலேயே எடையையும் இரத்த அளவுகளையும் குறித்து வையுங்கள். எனக்கு முந்தைய அளவுகள் தற்செயலாகத்தான் கையில் இருந்தன.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் தாவர உணவு, மற்ற இரண்டு நாள் மீனோ முட்டையோ தயிரோ. பி12 மாத்திரை வாரம் இருமுறை, மருத்துவர் சொன்ன அளவில். தைராய்டு மாத்திரைக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன், சோயா பால் மாலைக்குப் போய்விட்டது. எட்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் 3.1. ராஜ்மா இன்னும் எங்கள் வீட்டில் சமைக்கப்படுகிறது. ஊறவைத்து, நீரைக் கொட்டி, கொதிக்கவைத்து. கணவர் மட்டும் ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்த பிறகே தட்டில் போட்டுக்கொள்கிறார்.